மடக்கு நாற்காலி வகுப்பு

எங்கள் ஹன்னா லைல் உயர்நிலைப் பள்ளி மூன்று இடங்களில் இருந்ததாம். பழைய மாணவர் சங்கத் தலைவன் கிளேட்டன் மேப்ரி சொல்கிறான். முதலில் ஆற்றோரத் தேவாலயம், பிறகு மில் தெருவில் மரக்கட்டடம், கடைசியில் செங்கல் கட்டடம். மூன்று இடத்துக்கும் இரும்பில் நினைவுப் பலகை வார்க்கச் சொல்லியாகிவிட்டதாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாவது இடம் எங்கே போயிற்று?

மரக்கட்டடம் 1951 கோடையில் எரிந்தது. கணப்பு அடுப்பிலிருந்து தீப்பிடித்தது என்றார் ஷெரிஃப். கொளுத்துகிற ஜூலையில் எவன் கணப்பு மூட்டினான்? வட கரோலினாவில் எங்கள் மாவட்டம் முழுக்கக் கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு உயர்நிலைப் பள்ளி கிடையாது. செங்கல் கட்டடம் எழும்புகிற வரை, ஒரு வருஷம் முழுக்க எங்களுக்குப் பாடம் நடந்தது ஸ்ப்ரூயில் குடும்பத்தின் ஈமச்சடங்குக் கூடத்தில். முன்னறையில் யாரையாவது கிடத்தியிருந்தால் வரலாற்று டீச்சர் கிசுகிசுப்பாகப் பாடம் எடுப்பார். ஊரே எங்களைப் பொணவண்டி செட்டு என்று கேலி செய்தது. அந்த 1952ஆம் வருஷ வகுப்பில் இன்று மிஞ்சியிருப்பது நானும் எர்லீனும்தான்.

கேலியெல்லாம் பழகிவிட்டது. ஆனால் எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடித்த வருஷத்தைக் கூப்பிட்டதும் அந்த வகுப்பு எழுந்து நின்று கை தட்டும். இந்தத் தடவை அந்தந்தப் பலகைக்கு முன்னால் அந்தந்த இடத்து வருஷங்களை மட்டும் கூப்பிடுவதாக ஏற்பாடு. மில் தெரு ஐம்பத்தொன்றோடு முடிகிறது, செங்கல் கட்டடம் ஐம்பத்துமூன்றில் தொடங்குகிறது. நாங்கள் எங்கே நிற்பது? சிறுநீரகம் கைவிட்ட எர்லீன், அடுத்த கூட்டத்துக்குத் தான் இருக்கப்போவதில்லை என்றும், நம் வருஷத்துக்கு ஒரு தடவை நின்றுவிட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னாள்.

கிளேட்டனைப் போனில் பிடித்தேன். அது தற்காலிக ஏற்பாடு, அதற்கெல்லாம் பலகை வைக்க முடியாது என்று இழுத்தான்.

"ஐம்பத்துமூணோட சேர்ந்து நின்னுக்கோங்க, மிஸ் வெர்டெல். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்டா," என்று போனை வைத்தேன்.

விழா நாளில் வட கரோலினா வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் இரண்டு பலகைகளுக்கு முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம். செங்கல் கட்டடத்துப் புல்வெளியில் கிளேட்டன் ஐம்பத்துமூன்றைக் கூப்பிட்டான். அவர்கள் எழுந்தார்கள். எங்களையும் எழச் சொல்லி அவன் கையசைத்தான். எர்லீன் என்னைப் பார்த்தாள். நாங்கள் அசையவில்லை. கைதட்டல் ஓய்ந்து அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் நான் எழுந்தேன். உட்கார்ந்திருந்த மர நாற்காலியை மடக்கி, அதன் முதுகு எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன். ஸ்ப்ரூயில் என்று வெள்ளை எழுத்து. எங்கள் ஊரில் கல்யாணமோ சாவோ, நாற்காலி அவர்களிடமிருந்துதான் வரும். அதனாலேயே யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அந்த வருஷம் எங்களுக்குக் கட்டடம் இல்ல, மேசை இல்ல. இந்த நாற்காலிதான் இருந்துச்சு. மடியில நோட்டை வெச்சு எழுதினோம். காலையிலேர்ந்து நீங்க எல்லாரும் எங்க ஸ்கூல்லதான் உக்காந்திருக்கீங்க."

ஒவ்வொருவராகத் தங்களுக்கு முன்னிருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை அது. கிளேட்டன் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் கூப்பிட்டான்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு."

நாற்காலியை விரித்து எர்லீனுக்கு முன்னால் வைத்தேன். அதன் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றாள். கை தட்ட இன்னொரு கைதான் மிச்சம். நான் என் உள்ளங்கையை நீட்டினேன். அதில் தட்டினாள்.