மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இரண்டு எழுத்து

பெண் பார்க்க வந்தவர்கள் முந்திரிக்கொத்தும் சாயாவும் முடித்து இறங்கியபோது பெண்ணின் அப்பா யேசுதாசன் சார் மாப்பிள்ளை எபினின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய காரின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். எங்கள் ஜில்லாவில் ஒரு குடும்பத்தை அறிய அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டியதில்லை, காரின் பின்கண்ணாடி போதும். எந்தச் சபை, வீட்டுப் பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை, வண்டி யார் கிருபையால் வந்தது என்று எல்லாம் ஒட்டியிருக்கும். எபினின் போலோ காரில் வசனமே இல்லை. கூரையிலிருந்து இரண்டு கறுப்புப் பட்டை இறங்கியது. அதற்குக் கீழே சிவப்பில் ஜி.டி. என்று இரண்டு எழுத்து, போலோவிலேயே வேகம் கூடிய ரகத்தின் அடையாளம்.

கார் கேட்டைத் தாண்டுவதற்குள் சார் தீர்ப்பு எழுதிவிட்டார். இந்தப் பையன் வேண்டாம்.

முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், எதற்கும் ஒரு சூத்திரம் வைத்திருப்பார். ஸ்விஃப்ட் வாங்குகிறவன் மைலேஜ் கேட்பான், பெண்டாட்டி சொல்லும் கேட்பான். ஐ20 வாங்குகிறவனுக்கு அடுத்த வீட்டுக்காரன் பார்த்தால் போதும், வயிறு நிறைந்துவிடும். ஜி.டி. வாங்குகிறவன் யார் சொல்லும் கேட்கமாட்டான். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது அவனுக்குத் தகப்பன் தாய் நினைவு இருக்காது.

மகள் ஸ்மைலின் தக்கலையில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். ஒரு மாதமாக எபினோடு போனில் பேசி, மனதுக்குள் சரி சொல்லி முடித்திருந்தாள். அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

“வண்டிய வச்சி ஆள எப்பிடிப்பா தீருமானிக்கிய?”

“அந்த வண்டி வாங்குகவனுக்க மனசு எனக்குத் தெரியும் மக்கா.”

சார் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளில் இதுதான் பெரிய உண்மை. ஏனென்றால் ஷெட்டில் நிற்கும் அவருடைய வெள்ளைப் போலோ அசல் ஜி.டி.

ஓய்வுபெற்ற வருடம் மார்த்தாண்டத்தில் கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டரிடம் அதை வாங்கினார். ஓட்டிப் பார்த்த அன்று, அறுபது வயதில், தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகுதான் சபைச் செயலாளர் என்கிற ஞாபகம் வந்தது. புது வண்டி என்றால் ஆராதனை முடிந்து கோவில் முற்றத்தில் போதகர் ஜெபம் பண்ணுவார், கமிட்டிக்காரர்கள் சுற்றி நிற்பார்கள். வாலிபப் பையன்கள் பறக்கவிடும் வண்டியோடு அங்கே எப்படிப் போய் நிற்பது? வெந்நீரும் தையல் நூலும் வைத்து முன்னும் பின்னும் இருந்த எழுத்துகளைப் பெயர்த்தார். பின்கண்ணாடியில் பொறுமையைப் பற்றி ஒரு வசனம் ஒட்டினார். போதகர் ஜெபித்து, ஏறி ஒரு சுற்று வந்து, அடக்கமான வண்டி என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார். பெயர்த்த எழுத்துகள் அன்றிலிருந்து சாரின் மூக்குக் கண்ணாடிக் கூட்டில், சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கின்றன. கூரைக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறகு போன்ற தகடு எதற்கு என்று மனைவி நேசம்மாள் கேட்டபோது, மழைத் தண்ணீர் கண்ணாடியில் விழாமலிருக்க என்றார். புதன்தோறும் காலையில் முட்டம் கலங்கரை விளக்கம் வரை பறந்துவிட்டு வந்து, பென்ஷன் ஆபீசுக்குப் போனதாகச் சொல்வார். வாராவாரம் அங்கே என்ன வேலை என்று அந்த அம்மாள் இதுவரை கேட்டதில்லை.

ஸ்மைலின் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நேசம்மாள் வாயைத் திறந்தாள்.

“பையன் கத்தார்ல சேஃப்டி ஆபீசராக்கும். ஒரு நாளு அவனுக்க பொறத்த போயிப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க.”

நியாயமாகப் பட்டது. சாட்சியோடு வேண்டாம் என்றால் மகளும் ஒத்துக்கொள்வாள். லீவில் வந்திருக்கும் எபின் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏதோ சான்றிதழுக்காகத் தக்கலை தாலுகா ஆபீசுக்குப் போகிறான் என்று கல்யாணத் தரகரிடம் கேட்டறிந்து, சார் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இறக்கத்தில் காத்து நின்றார். கறுப்புப் பட்டை வந்தது. சாரும் பின்னால் விட்டார்.

பையன் நாற்பதில் போனான். ரோடு காலியாகக் கிடந்தது, அப்போதும் நாற்பதுதான். வளைவு இருந்தால் முப்பது. நாய் ஒன்று ஓரத்தில் நின்று யோசித்தது, அது முடிவெடுக்கும்வரை நிறுத்திக் கொடுத்தான். சாமியார்மடத்தில் ஏத்தன் வாழைக்குலை ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று இரண்டு பேரையும் தாண்டிப் போனது. பிறகு ஸ்கூட்டரில் ஒரு கன்னியாஸ்திரீ தாண்டினார். தாண்டும்போது அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துச் சிரித்ததாகச் சாருக்குத் தோன்றியது. அவருக்குத்தான் மானம் போனது. ஜி.டி. என்று எழுதி வைத்துக்கொண்டு இப்படியும் ஒருவன் ஓட்டுவானா?

கால் தானாக அழுந்தியது. வண்டி ஒரு சீறல் சீறி, பொறுமையைப் பற்றிய வசனத்தை எபினின் மூக்குக்கு முன்னால் காட்டிவிட்டு மறைந்தது.

அழகியமண்டபம் வந்தபிறகுதான் தான் செய்த காரியம் சாருக்கு உறைத்தது. சாயாக்கடை முன்னால் நிறுத்தினார். இவ்வளவு நிதானமான பையன் இனி வேண்டாம் என்றுவிடுவான், பெண்ணின் கல்யாணத்தைத் தன் காலாலேயே மிதித்துவிட்டோம் என்று நிஜமாகவே பயந்தார். சாயா பாதி ஆனபோது, எபின் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே வந்து ஓரங்கட்டினான். சாரின் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, கிட்டே வந்தான்.

“சார், இது அசல் ஜி.டி. தானே?”

சார் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார்.

எபின் அந்த எழுத்துகளைத் தொடாமல் பார்த்தான். அவனுடையது சாதா போலோவாம். கத்தாரில் கூட இருப்பவர்கள் போட்டோவில் பார்த்து அதை வாத்தியார் வண்டி என்று கேலி பண்ணினார்களாம், ஆன்லைனில் எழுத்து வாங்கி ஒட்டினானாம். தினமும் விபத்து ரிப்போர்ட் எழுதுகிறவன், ஐம்பதைத் தாண்டினால் உள்ளங்கை வியர்க்கும் என்றான். அவன் ஒட்டியிருந்த எழுத்து அசலைவிட ஒரு விரற்கடை பெரிது என்பதைச் சார் கவனித்தார்.

“ஸ்மைலின்ட்ட சொல்லாண்டாம் சார்.”

“நீயும் நேசம்மாட்ட சொல்லாண்டாம்.”

சாயாவுக்கு யார் காசு கொடுப்பது என்று சின்னத் தள்ளுமுள்ளு நடந்தது. அதில் எபின் அவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டான். இருவரும் கேட்காததுபோல் நின்றார்கள். பிறகு, தக்கலை வரை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சார் சாவியைக் கொடுத்து இடப்பக்கம் ஏறினார்.

எபின் பெல்ட் போட்டான், மூன்று கண்ணாடியையும் சரிபார்த்தான், கிளப்பினான். முள் நாற்பதைத் தொட்டு அங்கேயே நின்றது. பின்னால் ஒரு குட்டியானை ஹாரன் அடித்தது.

“மெல்லப் போ மக்கா. திறுதி ஒண்ணும் இல்ல,” என்றார் சார், வருங்கால மாமனாரின் குரலில். கீழே அவருடைய வலது கால், பெடல் எதுவும் இல்லாத இடத்தில், மிதியடியை அழுத்திக்கொண்டே இருந்தது.