மழை நாளில் மின்னாத பந்து

அறிவியல் கூடத்தில் மின்னல் அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு 'மின்னல்' என்றே பட்டப்பெயர். அறைக்காக வைத்ததில்லை. அவரிடம் ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவர் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதற்காக வைத்தது.

அறையின் நடுவே ஆள் உயரத் தூண், அதன்மேல் பெரிய உலோகப் பந்து. தூணுக்குள் ரப்பர் பட்டை சுற்றச் சுற்றப் பந்தில் மின்சாரம் சேரும். சின்னப் பந்து ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோனால் படீரென்று ஒரு சாண் நீளத்துக்கு மின்னல் பாயும். அந்த ஒரு சாணை நம்பித்தான் மனிதரின் பிழைப்பு ஓடியது. இப்போது அதற்கும் வேட்டு. பார்வையிட ஒரு குழு வருகிறது, மின்னல் பாயாவிட்டால் அறையைச் சிற்றுண்டிக் கடை ஆக்கிவிட்டு உங்களை டிக்கெட் ஜன்னலில் உட்கார வைப்போம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மேகத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்காத ஜன்னல்.

குழு வருகிற நாளாகப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெளியே வானம் வெட்டு வெட்டென்று வெட்டுகிறது, உள்ளே ஒரு பொறி இல்லை. காற்றில் ஈரம் ஏறினால் பந்தில் சேருகிற மின்சாரம் சத்தமில்லாமல் கசிந்துவிடும். "மழை பேஞ்சா மின்னாத ஒரே இடம் இதுதாங்க" என்று காவலாளி வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்.

அடுத்த தெருவில் அழகு நிலையம் நடத்தும் மனைவிக்கு மின்னல் போன் செய்தார்.

"அந்த ஹேர் டிரையரை எடுத்துட்டு வாயேன்."

"இங்க ஒரு அம்மா தலையை நனைச்சு வச்சிருக்கேன்."

"துண்டைக் கட்டி உக்கார வையி. என் வேலையே போயிடும்போல இருக்கு."

வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாலும், வேலையில் மனைவி குறை வைக்கவில்லை. தூணையும் பட்டையையும் ஈரத் தலையைப் போலவே பகுதி பகுதியாக உலர்த்தினார். அவருக்குக் கை வலித்தபோது, மின்னல் பக்கத்தில் கிடைத்த ஒரு ஒயரைக் கழற்றி, டிரையரைத் தூணை ஒட்டியிருந்த நாற்காலியில் கட்டி வைத்தார்.

குழு வந்தது. கூட வந்த மேலாளர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் எதைப் பேசினாலும் ஆள்காட்டி விரலை நீட்டித்தான் பேசுவார். மின்னல் நிதானமாக ஆரம்பித்தார்.

"மேகத்துக்குள்ள குட்டிப் பனித்துகளும் ஆலங்கட்டியும் ஓயாம உரசிக்குதுங்க, ஒரே வீட்டு ஓரகத்திங்க மாதிரி. லேசானது ஒரு மின்சாரத்தோட மேல போயிடும், கனமானது எதிர் மின்சாரத்தோட கீழ தங்கிடும். நடுவுல காத்து தடுக்கும். தாங்குற வரைக்கும் தாங்கும். தாங்கலைன்னா கிழிச்சுக்கிட்டு நிலத்தைத் தேடி இறங்கும். நிலத்துல எவன் நீட்டிக்கிட்டு நிக்கிறானோ, பெரும்பாலும் அவன் மேலதான்."

பட்டை சுழன்றது. சின்னப் பந்தை அதன் பிளாஸ்டிக் பிடியைப் பிடித்து நீட்டினார். ஒன்றும் பாயவில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். சின்னப் பந்து கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, நாற்காலியில கட்டியிருக்கீங்களே, அது எந்த ஒயரு?"

மின்னல் திரும்பிப் பார்த்தார். சின்னப் பந்தை நிலத்தோடு இணைக்கும் ஒயர். அது இல்லாமல் மின்சாரம் இறங்க வழி ஏது? உலர்ந்த பெரிய பந்தோ இதற்குள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அப்பவே நினைச்சேன்" என்றார் தலைவர். "பழைய சாமான். இதைத் தூக்கிட்டு..." என்று விரலைப் பந்துக்கு நேராக நீட்டினார்.

கிட்டப் போகாதீங்க என்று சொல்ல மின்னல் வாயைத் திறந்தார். திறந்தார், அவ்வளவுதான். முதல் எழுத்து வருவதற்குள் படீர். தலைவர் இரண்டடி பின்னால் போய் மேலாளர் மடியில் உட்கார்ந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிற அடிதான், ஆபத்தில்லை. ஆனால் பிள்ளைகள் அப்படிக் கத்தியதில்லை.

குழுவில் ஒருவர் முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு கேட்டார். "ஐயா, மின்னல் பாயலைன்னு எழுதிக்கவா?"

தலைவர் விரலை மடக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "பாயுதுன்னு எழுதுங்க."

அவர்கள் படியிறங்கிக் காருக்குப் போன பிறகு மின்னலுக்குக் குரல் வந்தது. "கிட்டப் போகாதீங்க" என்றார்.