பெயர் வைக்காத அந்துப்பூச்சி

அந்த அந்துப்பூச்சிக்குத் தராசுக்காரர் சொன்ன விலைக்கு, ஓடுகிற நிலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கலாம். பூச்சி வாங்கி விற்பவர். பிணத்தைக் கண்டாலும் எடை போடுவார்.

“ஆராய்ச்சிக்குன்னு வயித்த அறுத்துட்டீங்கன்னா பாதி விலைகூடப் போகாதுக்கா. முழுசா இருக்கும்போதே குடுத்துடுங்க.”

“தம்பி கடைசியா பிடிச்சது. விக்கிறதுக்கில்ல.”

“இப்படிச் சொன்னா நான் விலைய ஏத்துவேன்னு தெரிஞ்சுதான சொல்றீங்க?” சிரித்துக்கொண்டே போனார்.

அக்கா அருங்காட்சியகத்தில் பூச்சிகளை வகைபிரிப்பவள். பூச்சி பிடிக்கக் காட்டுக்குப் போன தம்பி வரவில்லை, மூட்டைதான் வந்தது. அதில் முக்கோணமாக மடித்த காகிதத்துக்குள் இந்தப் பூச்சி. சாம்பல் நிறம். பின்னிறக்கைகளில் இரண்டு மஞ்சள் வளையங்கள், தூக்கம் கெட்டவன் முழிப்பதுபோல. எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஜோடியில்லை. வயிற்றை அறுத்து, காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் புது இனமென்று அடித்துச் சொல்லலாம்.

“புதுசுன்னா தம்பி பேரையே வெச்சிடலாம்மா. அவன் நினைவா இருக்கும்” என்றார் பிரிவுத் தலைவர்.

நினைவாக. பெயர் வைத்துவிட்டால் அவன் செத்துவிட்டான் என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி.

வெளியிலிருந்து வரும் எதையும், ஒட்டிவரும் முட்டையும் புழுவும் சாக, முதலில் உறைபெட்டியில் போட வேண்டும். அது பிரிவின் சட்டம். அவன் மடித்த காகிதத்தைக் குளிரில் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில், அவன் மேசைமேல் வைத்திருந்தாள். பூச்சி சாகுமுன் மடிப்பில் முட்டையிட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு காலை, காகிதமெங்கும் புழுக்கள்.

அம்மா தெருவிலிருந்த இலையையெல்லாம் பறித்துவந்து கொட்டினாள். “என்னதான்டா திம்பீங்க? வாயத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!” சாப்பாட்டில் அடம்பிடிக்கும் மகனைத் திட்டும் அதே குரல்.

புழுக்கள் எதையும் தொடவில்லை. தலையைத் தூக்கி யாரையோ தேடின. எந்த இலை என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

ஒன்றை மட்டும் காணோம். மறுநாள் தம்பியின் கட்டிலடியில் புழுவின் எச்சம், கடுகளவு, ஈரமாக. அதற்கடுத்த நாள் மிளகளவு. அந்த அறையில் இலையென்று ஒரு துணுக்குகூடக் கிடையாது.

“எதையோ தின்னு வளருதுடி” என்றாள் அம்மா, முகமெல்லாம் வெளிச்சமாக.

“எதம்மா?”

அம்மா அறைக்கதவை மெல்லச் சாத்தினாள்.

அக்கா பூச்சியை அறுக்காமலே கத்தியை உறைக்குள் போட்டாள். தலைவருக்குத் தாளில் எழுதினாள்:

முட்டை பதினான்கு. பொரிந்தவை ஒன்பது. செத்தவை எட்டு. மீதி ஒன்று: உயிரோடிருக்கிறது, கண்ணில் படவில்லை. இனப்பெயர்: நிலுவை.