இடது தோளில் எட்டு மடிப்பு

அந்தத் துணி நீலமா பச்சையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தமிழ்வாணி அரக்கு என்கிறாள். அன்று பேசிய பேச்சும் நான் எழுதுகிற வரிசையில்தான் நடந்ததா என்பது சந்தேகம். மடிப்புகள் எட்டு. அதில் மட்டும் சந்தேகம் இல்லை.

காளவாசலில் என் தையல் கடை. நான் வெட்டுவேன், தமிழ்வாணி தைப்பாள். ஆண் வெட்டுகிற கடை என்பதால் வருகிற பெண்கள் உடம்பில் டேப் வைத்து அளவு கொடுப்பதில்லை. பொருத்தமாக இருக்கும் பழைய உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து தருவார்கள். அளவுத் துணி என்போம். எனக்கு இது வசதி. அதிகம் பேச வேண்டியதில்லை. மீதி நேரத்தில் நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் படிப்பேன்.

முனீஸ்வரி சமயநல்லூரில் ஒரு மைதானத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். புதுத் துணியையும் அளவுக்கு ஒரு பழைய சுடிதார் டாப்பையும் மேசையில் வைத்தார்.

"பிளெயினா போதும்ண்ணே. லேஸு, பொத்தான் ஒண்ணும் வேணாம். திங்கக்கெழம புது ஆளுக வாராக. நாலு மாசம் கழிச்சு இப்பத்தான் கிரவுண்டுக்குப் போறேன்."

ஏன் நாலு மாதம் என்று நான் கேட்கவில்லை.

தைத்து வாங்கிப் போன உடுப்போடு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். சரியாக உட்காரவில்லை என்றார். அதையும் அளவுத் துணியையும் மேசையில் விரித்து டேப் வைத்துப் பார்த்தேன். நூலளவும் பிசகவில்லை. எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது.

"அளவுத் துணிப்படிதான் இருக்கு. நீங்கதான் மெலிஞ்சுட்டீங்க. வண்டி ஓட்டி ஓட்டியே கரைஞ்சுட்டீங்க போல."

பிளவுஸ் வாங்க வந்து நின்ற ஒரு அம்மா சிரித்தார். முனீஸ்வரி சிரிக்கவில்லை. அந்த அம்மா பிளவுஸை வாங்கிக்கொண்டு படி இறங்கும்வரை ஷாலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கம் மட்டுந்தாண்ணே மெலிஞ்சிருக்கு" என்றார் பிறகு. "மார்ல கட்டி. இடது பக்கம் ஆப்ரேசன் பண்ணி எடுத்துட்டாங்க."

தமிழ்வாணியின் மெஷின் நின்றது. நான் டேப்பைச் சுருட்டினேன். சுருட்டி முடிந்த பிறகும் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அளவுக்குக் குடுத்த டாப்பு ரெண்டு வருசத்துக்கு முந்தித் தச்சது. தெரிஞ்சேதான் குடுத்தேன். புதுசா அளவெடுங்கன்னு சொல்ல வாய் வரல."

"பஞ்சு வச்சுப் பாத்தீகளாக்கா?" என்றாள் தமிழ்வாணி.

"பாத்தேன். ரெண்டு தடவ வண்டியில ஏறி எறங்குனா கழுத்துக்கு வந்துருது."

"ஷால் போட்டுக்கலாமேம்மா" என்றேன்.

"ஷாலைக் கழட்டாம வண்டியத் தொடாதேன்னு பதினோரு வருசமா நாந்தாண்ணே கத்துறேன். சக்கரத்துல சிக்குனா ஆளையே இழுத்துரும். நானே போட்டுக்கிட்டு நின்னா எவ கழட்டுவா? ஒண்ணும் பண்ண முடியாதுன்னா சொல்லிருங்க. ஜெராக்ஸ் கடையில உக்காரக் கூப்புடுறாக. ஷாலோட உக்காந்துக்கலாம். அங்க போயிர்றேன்" என்றார்.

நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனதும் தமிழ்வாணி என் பக்கம் திரும்பினாள். "அம்புட்டுப் பொஸ்தகம் படிக்கிறீக. ஒரு ஆளப் பாத்து என்ன பேசணும்னு ஒண்ணுலயும் போடலையாண்ணே?"

டாப்பை மேசையில் விரித்தேன். பிடித்துத் தைத்தால் இடது பக்கம் தட்டையாகும், வலது பக்கத்தோடு பொருந்தாது. இடது பக்கத் துணி தானாகவே எழும்பி நிற்க வேண்டும். வெட்டியதில் மிச்சம் விழுந்த பிட்டுத் துணி அரை மீட்டர் இருந்தது. செய்தித்தாளை மடித்து மடித்துப் பார்த்தேன். அரை அங்குல மடிப்பு ஒவ்வொன்றும் மூன்று அடுக்குத் துணி. அடியில் காலர் விறைப்பாக நிற்க வைக்கிற கேன்வாஸை வைத்தால் நிற்கும்.

வெட்டின துணியில் மடிப்புத் தைத்தால் அகலம் போதாது. அதனால் பிட்டில் முதலில் எட்டு மடிப்புகளைத் தைத்து, இஸ்திரி போட்டு, அதன் பிறகுதான் அளவு வெட்டினேன். இடது தோளிலிருந்து சரிந்து வந்து மார்புக்குக் கீழே முடிகிற ஒரு துண்டு. டாப்பின் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு இதை வைத்தேன். ஒட்டுத் தையல் கடைசி மடிப்புக்குள் மறைந்தது. வலது பக்கத்தைத் தொடவில்லை. அது அவர் கேட்டபடி பிளெயினாகவே இருந்தது.

சனிக்கிழமை மதியம் வந்து திரைக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். உடன் போன தமிழ்வாணியின் குரல் கேட்டது. "கைய நீட்டுங்கக்கா. ஹேண்டில் புடிக்கிற மாதிரி. ம், பிரேக்கு."

"பிரேக்கு புடிக்கக் கைய நீட்டுவாகளா? நீயெல்லாம் லைசென்ஸ் எடுத்தாப்லதான்."

"அக்கா கிரவுண்டுல மாதிரியே திட்ட ஆரம்பிச்சாச்சு. துணி சரியாத்தாண்ணே இருக்கு."

ஷாலைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். கண்ணாடி முன்னால் நேராக நின்றார், பக்கவாட்டில் நின்றார். நான் தெருவைப் பார்த்தேன்.

"திரும்பிப் பாருங்கண்ணே. கிரவுண்டுல எல்லாரும்தான பாப்பாக."

பார்த்தேன். கண் தோளிலிருந்து மடிப்புகளோடு சரிந்து இறங்கியது. புது மாடல் என்றுதான் யாருக்கும் தோன்றும். முந்தின நாள் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டதாகத் தமிழ்வாணி சொல்கிறாள்.

அவர் ஷாலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அப்படியே பஸ் ஏறினார்.

முனீஸ்வரி திங்கட்கிழமை மைதானத்துக்குப் போனார். இன்றும் அங்கேதான் சொல்லிக் கொடுக்கிறார். அதே மடிப்பில் இதுவரை ஆறு டாப்புகள் தைத்துக்கொண்டார். அவரிடம் வண்டி பழகியவர்களில் இரண்டு பேர் அந்த மாடல் வேண்டும் என்று வந்தார்கள். கேன்வாஸ் இல்லாமல் தைத்துக் கொடுத்தேன். தமிழ்வாணிக்கு வில்லாபுரத்தில் சொந்தக் கடை வந்துவிட்டது. முனீஸ்வரியிடமே வண்டி பழகி லைசென்ஸ் எடுத்தாள், இரண்டாவது தடவையில். நான் காளவாசலிலேயே இருக்கிறேன். அளவுத் துணி கொடுக்கிறவர்களிடம் அது எப்போது தைத்தது என்று கேட்டுக்கொள்கிறேன்.