மரியநாயகியின் மூன்று கேள்விகள்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதம் யாழ்ப்பாணத்துக் குருநகரில் கண்நோய் வந்து வீட்டுக்கு வீடு குந்திவிட்டது. சந்தைக்குப் போனால் சிவந்த கண், கோயிலுக்குப் போனால் சிவந்த கண். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மருந்துக்கும் தட்டுப்பாடு. தெருமுனை மருந்துக்கடையில் நிற்கிற மரியநாயகியிடம் கண் களிம்பு இருபது குழாய்தான் மிச்சம். அதை அவள் பொன்னைப் போலக் காத்தாள்.

யார் வந்து கேட்டாலும் மூன்று கேள்வி கேட்பாள். "ஒரு கண்ணோ, ரண்டு கண்ணோ? விடியப் பீளை ஒட்டுதோ? வெளிச்சம் குத்திப் பார்வை மங்குதோ?" இரண்டு கண், பீளை, பார்வைக்குக் குறையில்லை என்றால் கண்நோய். கொதித்தாறிய தண்ணீரால் துடை, முகம் துடைக்கிற துவாயைத் தனியாக வை, ஐந்து நாள் களிம்பு போடு என்பாள். வெறும் அரிப்பு, உறுத்தல் என்றால் ஈரத்துணி ஒற்றச் சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிடுவாள். தாய்ப்பால் விட்டுப் பார்த்தோம் என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். "பாலைப் பிள்ளைக்குக் குடு! கண் என்ன, பசிச்சு அழுததோ?" என்று கடையே அதிரும். ஒற்றைக் கண், வலி, மங்கல் என்றால் ஒரு துளி கிடையாது, நேரே பெரியாஸ்பத்திரி. வாய் கொஞ்சம் காரம்தான். ஆனால் அவள் சொன்னது ஒருநாளும் பிசகியதில்லை என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு புதன்கிழமை, தம்பி கிறகோரியின் மனைவி யசிந்தா வந்து நின்றாள்.

"மச்சாள், அவருக்குக் கண்நோய்."

"ரண்டு கண்ணுமோ?"

"ஓம், ரண்டும்தான்."

"பீளை?"

"விடியத் திறக்கேலாமல் ஒட்டுது. வெளிச்சம் குத்தேல்லை, பார்வையும் வடிவாய்த் தெரியுது."

மூன்றாவது கேள்வியைக் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது. கடையில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதில் மரியநாயகி அதைக் கவனிக்கவில்லை. களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோதுதான் கிறகோரியைக் கண்டாள். முகத்தில் வெயில் பட்டதுதான் தாமதம், மனிதன் கோயில் சுவரோடு சாய்ந்து வலக்கண்ணைப் பொத்திக்கொண்டான். கையைத் தாண்டிக் கண்ணீர் ஓடியது. இடக்கண்ணில் ஒரு சிவப்பும் இல்லை. மரியநாயகி சனத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் ஓடினாள்.

"கையை எடடா."

"ஒண்டுமில்லை அக்கா. சுகப்பட்டுக்கொண்டு வருது."

"எடடா எண்டுறன்!"

நிழலுக்குள் இழுத்து இருத்தி இமையை மெல்ல விலக்கினாள். பீளை பேருக்கும் இல்லை. கருவிழியின் ஓரத்தில் குறுணியரிசி அளவில் ஒரு வெள்ளை. தலையைச் சரித்துப் பக்கவாட்டில் பார்த்தபோது அதன்மேல் மெல்லிதாய் ஏதோ மினுங்கியது. நல்ல கண்ணைப் பொத்தி, "என்னைத் தெரியுதோ?" என்று கேட்டாள்.

"புகைக்குள்ளை நிக்கிற மாதிரித் தெரியுது."

"எப்ப துவங்கினது?"

"போன திங்கள். வலை உதறேக்கை என்னவோ தெறிச்சது. தூசியெண்டு விட்டிட்டன்."

தூசியாம் தூசி! மீன் செதில். கண்ணாடித் துண்டு மாதிரி அது கருவிழியில் ஒட்டிக்கிடக்க, அதன்மேல் நாலு நாளாகக் களிம்பைப் பூசி மெழுகியிருக்கிறார்கள். அவள் கொடுத்த களிம்பு.

பின்னால் வந்து நின்ற யசிந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். "ரண்டு கண்ணெண்டு ஏனடி சொன்னனீ?"

யசிந்தா அழத் தொடங்கினாள். "உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போ எண்டுவியள். போனால் ஒரு கிழமைக்குக் கடலில்லை. இறால் படுற நேரம், மச்சாள். நீங்கள் என்ன கேப்பியள், என்ன சொன்னால் மருந்து தருவியள் எண்டு கடற்கரையிலை எல்லாருக்கும் ஞானோபதேச வகுப்பிலை மனனம் பண்ணின மாதிரிப் பாடம்."

மரியநாயகிக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. ஊரே பதிலைப் பாடமாக்கி வைத்திருக்க, தான் பெரிய கெட்டிக்காரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாளே!

யசிந்தா சேலைத் தலைப்பின் நுனியைத் திரித்துக்கொண்டு குனிந்தாள். "நான் மெல்லத் தட்டி எடுக்கட்டோ?"

"கையை வைச்சியோ, முறிச்சுப்போடுவன்! தோண்டப்போய் கண்ணையே கெடுத்துப்போடாதை."

"நாளைக்குப் போவம் அக்கா," என்றான் கிறகோரி. "இண்டைக்கு ஞாயிறு. டொக்டர் இருக்கமாட்டார். பின்னேரம் ஒருக்கால் வலையைப் பாத்திட்டு..."

"டொக்டர் இல்லாட்டி அவரின்ரை வீட்டு வாசல் படலையிலை போய்க் குந்தியிருப்பன். கண்ணைக் கசக்காமல் ஏறடா சைக்கிளிலை."

முப்பத்தெட்டு வயது ஆம்பிளையைக் கரியரில் ஏற்றிக்கொண்டு அவள் மிதித்தாள். வழியில் குண்டுவீச வரும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டு வீதியில் போன எல்லோரும் மதிலோரம் ஒதுங்கினார்கள். அவளும் ஒதுங்கினாள். சத்தம் விலகியதும் முதலில் ஏறி மிதித்தவள் அவள்தான்.

பெரியாஸ்பத்திரியில் கண் டொக்டர் வருவதற்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. மரியநாயகி வாசற்படியை விட்டு அசையவில்லை. டொக்டர் வந்து, விறைக்க மருந்து விட்டு, செதிலை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். நகக்கண் அளவுகூட இல்லை.

"புண் ஆறக் கொஞ்ச நாள் செல்லும். சின்னத் தழும்பு ஒண்டு நிக்கும், ஆனால் கண் தப்பியிட்டுது," என்றார். "இன்னும் ரண்டு நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும். இதுக்கு மேலை களிம்பு பூசச் சொல்லி ஆர் குடுத்தது?"

கிறகோரி அக்காவின் கையை அழுத்தினான். "வீட்டிலை கிடந்த பழசு, டொக்டர்."

வலைக்காக அவளிடம் பொய் சொன்னவன், இப்போது அவளுக்காகச் சொல்கிறான். வாயை மூடிக்கொண்டு நின்றால் காதும் காதும் வைத்தமாதிரி எல்லாம் முடிந்துபோகும். கடைக்கும் பிசகில்லை, பெயருக்கும் பிசகில்லை. மரியநாயகி அவன் கையை உதறினாள்.

"பொய், டொக்டர். நான்தான் குடுத்தனான். கண்ணைப் பாக்காமல், கதையைக் கேட்டுக் குடுத்தனான்."

டொக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று கிறகோரி குறுகிப்போய் இருந்தான்.

"சரி அம்மா. இனி?"

"இனி ஆளை வெளிச்சத்திலை நிப்பாட்டிப் பாக்காமல் ஒரு துளியும் இல்லை," என்றாள் மரியநாயகி. தலை குனியவில்லை. "கண்ணுக்குக் காவலான புனித லூசியம்மாளே கடைக்கு வந்து கேட்டாலும், முதல்லை கண்ணைக் காட்டணை, தாயே எண்டுதான் சொல்லுவன்."