பெயரில்லாத பட்டன்

...பட்டன், பட்டன், மறுபடியும் பட்டன், எதற்கென்று ஒரு வார்த்தை கிடையாது, நன்கொடை கேட்கிறவன் கையையாவது நீட்ட வேண்டாமா, இந்த மகானுபாவர்களுக்கு அதற்கும் சோம்பல், ஆனால் பக்கத்தின் உச்சியில் 'அனைவருக்குமான எழுதுசெயலி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், கொட்டை எழுத்தோ பொடி எழுத்தோ, பிறவியிலேயே பார்வையில்லாதவளுக்கு எல்லாம் ஒன்றுதான். சாப்பாட்டு இடைவேளை முடிய இருபது நிமிடம். திரையில் இருப்பதைக் காதுக்குள் படித்துச் சொல்லும் இலவச ஸ்கிரீன் ரீடர், பதினோரு வருடமாக அவளுக்குக் கண்ணாயிருக்கும் அந்தக் குரல், சலிக்காமல் 'பட்டன்' என்றது. விசாரணைப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் பிழைப்பு, வருடத்துக்கொரு இலவச மென்பொருளுக்குப் பணம் அனுப்புவது அவள் வீம்பு, ஓசியில் வாழ்ந்தாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக்கூடாது. இந்த வருடம் யாருக்கு? படம் வரையும் செயலிக்காரர்கள் உருகி உருகிக் கடிதம் போட்டிருந்தார்கள், அவளுக்கு, படம் வரைய!... பாட்டுச் செயலிக்காரர்கள் சின்னத்தை மாற்றுவதற்கே இரண்டு வருடம் அடித்துக்கொண்டவர்கள், காசு கொடுத்தால் மூன்றாவது வருடமும் அடித்துக்கொள்வார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் குரலுக்குத்தான் தர வேண்டும், அதைச் செய்கிறவர்களில் பாதிப்பேர் அவளைப் போலவே பார்வையில்லாதவர்கள், பிழை என்று எழுதினால் ஒரே வாரத்தில் சரிசெய்து நன்றியும் சொல்வார்கள். ஆனால் எழுதுசெயலியின் புதிய பதிப்பில் குரல் ஊமையாகிவிடுகிறதே, அடுத்த மாதம் அலுவலகம் முழுக்கப் புதிய பதிப்புதானே, அப்புறம் தொலைபேசி எடுக்கும் நாற்காலிக்கு அவளைத் தள்ளிவிடுவார்கள், 'வணக்கம், யார் வேண்டும்' என்று மீதி ஆயுள்... நான்கு முறை முறையிட்டாயிற்று, 'ஆள் போதவில்லை, நாங்கள் தன்னார்வலர்கள்' என்று நான்கு முறையும் ஒரே பதில், தியாகிகளாம்! நன்கொடையாளர்கள் சொல்லும் பிழைகளை முதலில் பார்ப்போம் என்று கடைசியில் ஒரு வரி, அதை எழுத மட்டும் ஆள் இருக்கிறது. அப்படியானால் இது நன்கொடையா, லஞ்சமா? காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதை காலையும் பிடிக்கத்தான் வேண்டும், ஆனால் இந்தக் கழுதை காலைக்கூடக் காட்டமாட்டேன் என்கிறதே. தொகையையும் அட்டை எண்ணையும் நிரப்பிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினாள், வாராந்திரச் செய்திமடலில் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொன்றை அழுத்தினாள், பக்கத்தின் உச்சிக்கே திரும்பினாள்.

"நான் அமுக்கட்டுமாக்கா?" பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள். "ஆரஞ்சு கலர்ல எவ்ளோ பெருசா இருக்கு, கண்ணு தெரியாதவங்களுக்குக்கூட..." சட்டென்று நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள், பாவம்.

"பரவால்ல, அமுக்கு."

'உங்கள் அன்புக்கு நன்றி' என்றது குரல். அன்பாம்... தனக்கு வரவேண்டியது அடுத்தவன் வீட்டுக்குப் போனதை அதே வேகத்தில், ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குக் காத்திருந்தது. அடுத்த தடவை பாத்துக்கலாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், சொன்னதும் சுருக்கென்றது, இதை இதே தொனியில் வேறு யாரிடமோ சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாளே... முகம் கோணுவாள் என்று பண்டிகைதோறும் மாமியாருக்குப் பெரிய பொட்டலம், அம்மாவுக்கு இந்த ஒரு வரி, அம்மாவும் 'சரிம்மா' என்பதோடு சரி. அம்மா கேட்காததால் கொடுக்கவில்லையா, கேட்கவே மாட்டாள் என்று தெரிந்ததால் கொடுக்கவில்லையா?