ஏழாம் பாத்தி

தங்கைக்குச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூடத்தில் வேலை என்று அண்ணன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தான். அடேயப்பா, பெரிய உத்தியோகம்! கழிவுச் சேற்றை உலர்த்தும் பாத்தியில் இறங்கி, சேறு உரத்துக்கு ஆகுமா என்று சோதிக்க நாலு மூலையிலும் நடுவிலும் அள்ளிப் புட்டியில் அடைக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று ஏழாம் பாத்தியில் முழங்கால் ஆழத்துக்கு ஈரம். வெளியே சேறு ஏற்ற வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அவள் காய்ந்து கிடந்த ஆறாம் பாத்தியில் அள்ளி, புட்டியில் ஏழு என்று எழுதினாள். எல்லாம் ஒரே சாக்கடைதானே! சோம்பலுக்குச் சாக்குச் சொல்ல யாராவது கற்றுத்தர வேண்டுமா என்ன?

அந்தப் புட்டி சோதனையில் தேறியது; ஏழாம் பாத்திச் சேறு உரமாக அண்ணன் நிலத்துக்கே போனது. கல்லும் களருமாய்க் கிடந்த பூமி இரண்டே மழையில் கறுத்துப் பொலபொலத்தது. மண்புழு நெளிந்தது. கீரை மதமதவென்று வளர்ந்தது.

பிறகுதான் முலாம் பூசும் பட்டறை ஒன்று திருட்டுத்தனமாய்ச் சாக்கடையில் கழிவு விட்டது வெளியே வந்தது. ஏழாம் பாத்தியில் ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டி ரகசியமாகச் சோதித்தாள். காட்மியம் என்ற நச்சு உலோகம், அனுமதித்த அளவைப்போல் பதினோரு மடங்கு. வேலை போய்விடுமே என்று எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை, பாவி.

ஒன்பதாம் நாள் அண்ணன் நிலத்துக்குப் போனாள்.

"வா வா! மண்ண அள்ளிப் பாரு, எப்படி உதிருதுன்னு. எல்லாம் உன் புண்ணியம்" என்றான் அண்ணன்.

"இந்தக் கீரைய யாரும் சாப்பிடக் கூடாதுண்ணா. விஷம். நான் வேற பாத்தியில எடுத்துச் சோதிச்சுட்டேன்."

"விளையாடாத. புழுவே உசுரோட இருக்கு." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. "சரி, எத்தனை மழைல போகும்?"

"போகாதுண்ணா. நம்ம காலத்துல போகாது."

அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் குழந்தையோடு வந்து நின்ற அண்ணிதான் கேட்டாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்றுத்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"எட்டு நாளாச்சு அண்ணி."

"இவளுக்குச் சோறு ஊட்ட ஆரம்பிச்சே ஆறு நாள்தான் ஆகுது" என்றாள் அண்ணி. "அத்தை பாத்துக் குடுத்த உரம்னு தினமும் இந்தக் கீரையத்தான் மசிச்சு ஊட்டினேன்."

குழந்தை வழக்கம்போல் அத்தையிடம் தாவியது. அண்ணி விடவில்லை.